அரைச் சுற்று

அந்தத் தெருவில் பட்டறை எங்கே என்று கேட்டால் பொறிக்காரரைக் காட்டுவார்கள். பொறிக்காரர் எங்கே என்று கேட்டால் பட்டறையைக் காட்டுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பார், ஏதோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. தங்கை வீட்டு மாடியில் அவருக்கு ஓர் அறை உண்டு. அதில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். மிச்ச வாழ்க்கையெல்லாம் பட்டறையில். காலை ஏழே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்குவது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தூக்க முடியாது என்பதில் அவருக்கு நெடுநாள் மனக்குறை.

பட்டறையில் பாதி அவருடையது, மறுபாதி தங்கையின் கணவருடையது. இடது பக்க மேஜை மச்சான் பொறிக்காரருக்கு, வலது பக்க மேஜை மாப்பிள்ளைக்கு. நடுவில், கண்ணாடி வைத்த சின்ன அறையில் ஃபோனும் பில் புத்தகமுமாகத் தங்கை. ஓர் இன்ஜின் ஓட வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்து உள்ளே போக வேண்டும். போனதைச் சரியான நொடியில் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். பொறி மச்சானுடைய இலாகா. கலவை மாப்பிள்ளையுடைய இலாகா. பட்டறை திறந்த நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: அடுத்தவர் இலாகாவில் கை வைப்பதில்லை. இருபத்தோரு வருஷமாக ஒருவரும் மீறியதில்லை. கையைத்தான் சொல்கிறேன். வாயை வைக்காமல் பொறிக்காரரால் இருக்க முடியாது.

"மாப்ள, வண்டிக்குப் பெட்ரோல் குடுக்கச் சொன்னா குளிப்பாட்டி இல்ல அனுப்புறீங்க" என்பார். கொஞ்ச காலமாக இந்தக் கேலி அடிக்கடி வந்தது. காரணமும் இருந்தது. பட்டறையை விட்டுப் போகிற வண்டிகளின் புகைக்குழாய் வாயெல்லாம் கறுத்துக் கிடந்தது. கலவையில் பெட்ரோல் அதிகம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மாப்பிள்ளை பதில் பேச மாட்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரிப்பார். பதில் வராத கேலியில் என்ன ருசி இருக்கிறது என்று பொறிக்காரருக்கு எரிச்சலாக வரும். அதற்காகக் கேலியை விட்டவரும் இல்லை.

பொறிக்காரரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. வெள்ளெழுத்து நாற்பத்தைந்திலேயே வந்துவிட்டது. ஆனால் பத்து வருஷம் கையை நீட்டி நீட்டிப் படித்து ஒப்பேற்றினார். அப்புறம் கை நீளம் போதவில்லை. அதிலும் பானட்டுக்குள் தலையை விட்டுச் செய்கிற வேலையில் கையை எங்கே நீட்டுவது? கண்ணாடி போட்டால் முடிகிற சங்கதிதானே என்று நமக்குத் தோன்றும். அவர் சின்ன வயதில் வேலை பார்த்த பெரிய பட்டறையில், தடித்த கண்ணாடி போட்ட மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாளே முதலாளி அவரை வாசல் கேட்டில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். வண்டிகள் உள்ளே போகும்போதெல்லாம் அந்த மனிதர் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்புவார். அந்தத் தலை திரும்பியதைப் பொறிக்காரர் மறக்கவில்லை. கண்ணாடி என்றதும் அவருக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஆகவே விரல்களை நம்பினார். பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட் என்று ஒன்று இருக்கும். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். பிரிகிறபோதுதான் பொறி பிறக்கும். எவ்வளவு பிரிய வேண்டும் என்பதை ஃபீலர் கேஜ் வைத்து அளப்பார்கள். அது விசிறிபோல விரிகிற பத்து எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் எண்ணாகப் பொறித்திருக்கும். அவருக்கு வேண்டியது பதினைந்து. எண் கண்ணுக்குத் தெரியாததால் மேலிருந்து நாலாவது தகடு என்று விரலால் எண்ணி எடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை அந்தக் கேஜைப் பிரித்து, மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, மறுபடி திருகிப் பூட்டினார். அன்றிலிருந்து அது இன்னும் வழுக்கிக்கொண்டு விரிந்தது. அவருக்கு ஒரே திருப்தி.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் கார் வந்தது.

இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, நிறம் கரும்பச்சை. தரையோடு தரையாக இருக்கும். டாக்டரம்மாவைவிட அந்தக் காருக்கு வயது அதிகம். துண்டு துண்டாகக் கிடந்ததை வாங்கி ஆறு வருஷம் ஆசை ஆசையாகச் சேர்த்து ஓட வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் பொறிக்காரரும் மாப்பிள்ளையும் அவரவர் பங்குக்கு டியூன் செய்து அனுப்பிய வண்டிதான். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில், இருமிக்கொண்டே ஷட்டருக்குள் நுழைந்தது.

"கீழ் ரோட்டுல ஓடுது. மலை ஏத்தத்துல கொஞ்சம் வேகமா மிதிச்சா விக்குது. இப்ப ரெண்டு வாரமா சிக்னல்ல சும்மா நின்னாலும் மிஸ்ஸிங் அடிக்குது. வாரத்துல ரெண்டு நாள் மேல இருக்கிற கிளினிக்குக்குப் போகணும். நோயாளிங்க எனக்காக வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றார் டாக்டர். "இது பெட்ரோல் கோளாறா, கரண்ட் கோளாறா?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். மாப்பிள்ளை மூடிக்கொண்டார். பொறிக்காரர் மூடவில்லை.

"புகைக்குழாயைப் பாருங்க டாக்டர். அடுப்பாங்கரை சுவரு மாதிரி இருக்கு. இதுல என்ன சந்தேகம்?" என்றார். "என் பக்கம் கோளாறுன்னா இன்னியோட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொடமாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே காலங்காத்தால இந்தப் பேச்சு?"

"நீ கணக்கப் பாரு. நான் இன்ஜினப் பாக்கறேன்."

சபதம் வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமோ என்று ஒரு சந்தேகம். ஆனால் நாலு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்ததும் அது போய்விட்டது. நாலும் அட்டைக் கரியாக இருந்தன. விரலால் தொட்டால் மை ஒட்டியது. அவ்வளவு மசி படிந்தால் பொறி எப்படித் தாண்டும்? பெட்ரோல் அதிகம். மாப்பிள்ளையுடைய கோளாறு. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

"என்ன மாப்ள, என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை பிளக்கைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "என் தப்புதான் மச்சான். பிளக்கைக் கழுவி மாட்டுங்க. கலவையை நான் வந்து பாத்துக்கறேன். கேஸ்கெட் கடைக்குப் போகணும், அரை மணியில வந்துடுவேன். அதுவரைக்கும் அதை அப்படியே விட்டுடுங்க."

இவ்வளவு சுலபமாக ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டால் ஜெயித்தவருக்கு என்ன மரியாதை? பொறிக்காரர் பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்டினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி முக்கால் மணி ஆயிற்று. கடைசியில் இருபத்தோரு வருஷத்து ஏற்பாட்டைப் பொறிக்காரரே மீறினார். ஸ்பானரை எடுத்தார்.

பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டர் அந்த வண்டிக்கு இரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் கலவையைக் கூட்டிக் குறைக்க ஒரு நட். இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முதல் நட்டைத் திருகினார். இருமல் குறைந்தது, குறைந்தது, அரைச் சுற்றில் நின்றது. அப்போது அவருடைய நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தார். நட்டின் மேல் ஒரு கீறல், கார்புரேட்டர் உடம்பின் மேல் ஒரு கீறல், இரண்டும் இப்போது நேருக்கு நேர் நின்றன. நட் இங்கேதான் நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளை போட்டு வைத்த அடையாளம். இரண்டாவதிலும் அதே கீறல். அதுவும் சரியாக அரைச் சுற்று தள்ளி இருந்தது. 'அடையாளமும் போட்டுவிட்டு அரைச் சுற்று தள்ளி வைத்தவரை என்னவென்று சொல்வது' என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் நேராக்கினார். இன்ஜின் பூனைபோல முனகியது.

"ஏறுங்க டாக்டர், மலையில ஒரு சுத்து பாத்துட்டு வந்துடுவோம்."

கீழ்ச் சாலையில் வண்டி பறந்தது. பொறிக்காரருக்குத் தன் வயது மறந்து போயிற்று. முதல் வளைவு வரைக்கும் எல்லாம் சுகம். இரண்டாவது வளைவில் ஏற்றம் வந்ததும் டாக்டர் அழுத்தி மிதித்தார். வண்டி விக்கியது. இன்னும் மிதித்தார். முன்னும் பின்னும் உலுக்கி, படபடவென்று வெடித்து, ஒரு பாலத்தின் ஓரமாக உயிரை விட்டது.

"முன்னைவிட மோசமா இருக்கே" என்றார் டாக்டர்.

பொறிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார். கலவை இப்போது சரி. பிளக் சுத்தம். மெதுவாகப் போனால் ஓடுகிறது, வேகம் கூடினால் பொறி தவறுகிறது. அப்படியானால் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பொறியில் பலம் இல்லை. பாயிண்ட் சேர்ந்திருக்கும் நேரத்தில்தான் காயில் என்கிற கம்பிச் சுருளில் மின்சாரம் நிரம்பும். பாயிண்ட் தேவைக்கு மேல் அகலமாகத் திறந்தால் சேர்ந்திருக்கும் நேரம் குறையும். குழாயடியில் குடம் நிறைவதற்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூடியைத் திறந்தார். கேஜ் சட்டைப் பையில்தான் இருந்தது. நாலாவது தகட்டை எண்ணி உள்ளே விட்டார். கச்சிதமாகப் போய் வந்தது. சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் மனசு கேட்கவில்லை.

"டாக்டர், உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுங்க."

கேஜ் இல்லாத இடத்தில் மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. ஒரு விசிட்டிங் கார்டின் கனம் ஏறக்குறைய பதினைந்துக்குப் பக்கத்தில் வரும், பாயிண்ட்டில் லேசாக உரசிக்கொண்டு நுழையும். டாக்டரின் கார்டு உரசவே இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழைந்து, அங்கே ஆடிக்கொண்டு நின்றது.

பொறிக்காரர் கேஜை டாக்டரிடம் நீட்டினார். "இதுல நம்பர் என்னன்னு கொஞ்சம் படிங்க. கண்ணாடியப் பட்டறையிலயே வச்சுட்டு வந்துட்டேன்." இல்லாத கண்ணாடியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

"இருபத்தஞ்சு."

"எல்லாத்துக்கும் மேல இருக்கிறது?"

"முப்பத்தஞ்சு. கீழ போகப் போகக் குறையுது."

அலசிப் பூட்டிய அன்று தகடுகளைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார். இரண்டு வருஷமாக நாலாவது தகடு என்று அவர் எடுத்தது இருபத்தைந்து. இரண்டு வருஷமாக இந்தக் கையால் மூடிய ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரும் தப்பு. எத்தனை டாக்ஸி, எத்தனை ஸ்கூல் வேன். அப்படியானால் ஏன் ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை?

அப்போதுதான் அந்தக் கீறல் ஞாபகம் வந்தது. ஒரு நட் கை தவறி நகரலாம். இரண்டு நட்டும், இரண்டும் சரியாக அரைச் சுற்று நகருமா? சரியான இடம் எது என்று கீறி வைத்தவருக்கு அந்த இடம் தெரியாதா? வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறார். பலமில்லாத பொறிக்கும் பற்றிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். புகைக்குழாய்கள் கறுக்க ஆரம்பித்தது எப்போதிலிருந்து என்று பொறிக்காரர் கணக்குப் போட்டார். கேஜை அலசிய மாதத்திலிருந்து. மச்சானின் தப்பை மாப்பிள்ளை பூசி மெழுகிக்கொண்டே வந்திருக்கிறார். மெழுகியதற்குக் கேலியையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். மெதுவாக ஓடுகிற வண்டிகளில் அது ஒளிந்துகொண்டது. விரட்டி ஓட்டுகிற இந்த வண்டியில் ஒளியவில்லை. கூடுதல் பெட்ரோலே பிளக்கில் கரியாகப் படிந்து, கடைசியில் சிக்னலிலும் இரும வைத்துவிட்டது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. 'என்னை என்ன, தடுக்கி விழுகிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டாரா?' அந்தக் கோபம் பாலத்தின் கைப்பிடி வரைக்கும் நடந்து திரும்புவதற்குள் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு வந்தது வெட்கம். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தன்னை இவ்வளவு பொத்திப் பொத்தி யாரும் வைத்துக்கொண்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"என்னாச்சு, ரொம்ப சீரியஸா?" என்று கேட்டார் டாக்டர், நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி.

"இல்ல. ரெண்டு நிமிஷம்."

கார்டை வைத்தே பாயிண்ட்டைச் சரி செய்தார். விரல் நுனியில் அந்த மெல்லிய உரசல் வந்ததும் திருகை இறுக்கினார். இன்ஜின் பிடித்தது. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, டாக்டர் தரையோடு மிதித்தும் ஒரு விக்கல் இல்லை. காற்றில் டாக்டர் சிரித்தது கேட்டது. பொறிக்காரர் சிரிக்கவில்லை. திரும்பிவரும் வழி முழுக்க ஒரே யோசனை. வண்டி சரியாகிவிட்டது. பெட்ரோல்தான் கோளாறு என்று காலையிலேயே தீர்ப்பாகிவிட்டது, மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்றைக்கே கேஜைத் திருப்பிப் பூட்டிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. வாயைத் திறந்தால், சபதப்படி, நாளைக் காலை முதல் கேட் பக்கத்து நாற்காலி. பட்டறைக்குக் கேட் இல்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கேஸ்கெட் உறை பிரிக்காமல் இருந்தது. வெகு நேரமாக நிற்கிறார் என்பது தெரிந்தது.

"சூப்பரா ஏறுது" என்றார் டாக்டர் இறங்கிக்கொண்டே. "என்ன கோளாறுன்னு மட்டும் உங்க மச்சான் சொல்லவே மாட்டேங்கிறார்."

"என் கோளாறுதான் டாக்டர்" என்றார் மாப்பிள்ளை உடனே. "கலவையைக் கொஞ்சம் அசட்டையா வச்சுட்டேன். இனிமே வராது."

பொறிக்காரர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் இருப்பதால் அது நன்றாகவே தெரிந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல டாக்டர். பாயிண்ட்டு. என் வேலை. எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா தப்பான தகட்டை வச்சு அளந்திருக்கேன்."

கண்ணாடி அறையில் ஃபோன் பேசிக்கொண்டிருந்த தங்கை, எதிர்முனையில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஃபோனைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர். "எனக்கு நாப்பத்தஞ்சுலயே வந்துடுச்சு. கண்ணாடி இல்லாம ஒரு பல்லைத் தொடமாட்டேன்." மறுபடி காரில் ஏறி, நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார். இத்தனை வருஷமாக மார்பில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை அந்த அம்மாள் சாதாரணமாகத் தாண்டிக்கொண்டு போனது பொறிக்காரருக்குத் திகைப்பாக இருந்தது.

"எப்பத்துலேருந்து தெரியும் மாப்ள?"

"நீங்க கேஜைக் கழுவின வாரமே. ஒரு ஸ்கூல் வேன் மேட்டுல நின்னு போயி திரும்பி வந்துச்சு. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க, நான் திறந்து பாக்க மட்டும் செஞ்சேன்."

"அப்பவே பாயிண்ட்டைச் சரி பண்ணிருக்கலாமே."

"அது உங்க இலாகா மச்சான். நான் எப்படிக் கை வைக்கிறது? என் இலாகாவுல என்ன செய்ய முடியுமோ அதைச் செஞ்சேன்."

"வாயத் திறந்து சொல்லியாவது இருக்கலாம்."

மாப்பிள்ளை கேஸ்கெட் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சொல்லணும்னு எத்தனையோ தடவ வாயெடுத்தேன். சொன்னா மறுநாள் காலைல யாரு வந்து ஷட்டரைத் தூக்குறது?"

பொறிக்காரர் தன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். கேஜையும் அதையும் கொண்டுபோய் வலது பக்க மேஜையில், மாப்பிள்ளையின் மேஜையில் வைத்தார். "சொன்னது சொன்னதுதான். மூடியத் தொடமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

வரிசையில் அடுத்ததாக ஒரு டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதன் பானட்டைத் தூக்கினார். குனிந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்புகளையும் தட்டிவிட்டு, மூடியைக் கழற்றித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மூடியத் தொடமாட்டேன்னுதானே சொன்னீங்க? நான் கழட்டித் தரேன். நீங்க உள்ள பாருங்க மச்சான்."

"முதல்ல கண் டாக்டரப் பாத்துட்டு வரட்டும்" என்றாள் தங்கை. பிறகு ஃபோனை எடுத்து, எதிர்முனையில் இன்னும் காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கண்ணாடி வந்து ஒரு வருஷமாகிறது. பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக சர்வீஸுக்கு வர வர, பொறிக்காரர் பாயிண்ட்டைப் பதினைந்துக்கு வைக்கிறார், மாப்பிள்ளை நட்டை அரைச் சுற்று திருப்பிக் கீறலுக்குக் கொண்டுவருகிறார். இப்போது புகைக்குழாய்கள் கறுப்பதில்லை. கேலிக்கு வேறு விஷயம் தேட வேண்டியிருக்கிறது என்று பொறிக்காரர் அலுத்துக்கொள்கிறார். ஷட்டரை ஏழே முக்காலுக்கு அவர்தான் தூக்குகிறார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மட்டும் இன்றுவரை மாப்பிள்ளைதான் கழற்றிக் கொடுக்கிறார்.